லூர்தம்மாவின் மாமியார் ஒழுகவில்லை

"அது எங்க மாமியாதான். எனக்குத் தெரியும். செத்தும் விடமாட்டேங்காளே!"

தலையில் கைவைத்துக்கொண்டு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள் பக்கத்து வீட்டு லூர்தம்மா. அவளுக்கு எதிரே, முழங்காலளவுத் தண்ணீரில் எங்கள் அப்பாவின் வள்ளம் நின்றுகொண்டிருந்தது. வள்ளத்துக்குள்ளே, பின்பக்கத்தில், இரண்டு பலகைகள் சேரும் இடத்திலிருந்து கடல் குபுகுபுவென்று உள்ளே வந்துகொண்டிருந்தது. அப்பா பனையோலைப் பட்டையால் இறைத்து வெளியே ஊற்ற ஊற்ற, ஊற்றிய வேகத்திலேயே அது திரும்பி வந்தது.

"உங்க மாமியா முன்பக்கம்லா இருக்கா? ஒழுகுறது பின்பக்கம்," என்றார் கடை அண்ணாச்சி.

அண்ணாச்சி ஏரல்காரர். எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வருஷக்கணக்காகக் குடியிருந்தும் அதில் கால் நனைத்தவர் இல்லை. அன்றைக்கும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அலை வந்தால் பின்வாங்கி, அலை போனால் முன்வந்து, பேச்சை மட்டும் விடாமல் நடத்திக்கொண்டிருந்தார்.

"அப்போ உங்க வேட்டியாத்தான் இருக்கும் அண்ணாச்சி," என்றாள் லூர்தம்மா.

"எம் வேட்டி வலது பக்கம். நானே நின்னு பாத்து வைக்கச் சொன்ன இடம். இது இடது பக்கம்லா!"

கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பலகையைக் காட்டி, தங்கள் வீட்டுத் துணி அந்த ஓட்டையில் இல்லை என்று சத்தியம் செய்தார்கள். பங்குச் சாமியாருடைய பழைய அங்கியும் வள்ளத்தில்தான் இருந்தது. அதன்மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஏளா, யாரு வீட்டுச் சீலையா இருந்தா என்ன? ஆளுக்கொரு சட்டி எடுத்துட்டு எறங்குங்களேன்!" என்று அப்பா உள்ளேயிருந்து கத்தினார்.

என்ன நடக்கிறது என்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தத் தொடரில் நான் படித்த பயிற்சிப் பள்ளி விடுதியின் சாம்பாரைப் பற்றி அவசரமாக எழுதப்போய், என்னோடு படித்த ஒருத்தி, 'அது சாம்பார் அல்ல, ரசம்' என்று கார்டு போட்டிருக்கிறாள். இத்தனை வயதுக்கு மேல் அந்தப் பழி எனக்கு வேண்டாம்.

குப்புறக் கிடந்த சந்தியாகப்பர்

அப்பாவின் பெயர் கயித்தான். வள்ளத்தின் பெயர் சந்தியாகப்பர். தூத்துக்குடிக் கடற்கரையில் இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். "சந்தியாகப்பர் கயித்தான்" என்றால்தான் ஆள் தெரியும்.

பிறகு உலகச் சண்டை வந்தது. ராத்திரி கடலில் விளக்குக் கூடாது, அந்தப் பக்கம் போகக் கூடாது, இந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்று தினம் ஒரு தடை. அப்பாவோடு கடலுக்கு வந்த ஆட்கள் ஒவ்வொருவராகத் துறைமுகத்துக் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். அப்பா ஒருநாள் ஆட்களைக் கூப்பிட்டு வள்ளத்தைக் கரையேற்றி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் குப்புறக் கவிழ்த்தார். 'சண்டை முடியட்டும்' என்றார்.

சண்டை முடிந்தது. வள்ளம் நிமிரவில்லை. அதன் முதுகில் அம்மா கருவாடு காயப்போட்டாள். அடியில் ஆடு குட்டி போட்டது. வெயிலில் பலகைகள் சுருங்கிப் பிரிந்து, உள்ளே குனிந்து நுழைந்தால் நடுப்பகலில் கோடுகோடாக வெளிச்சம் விழும். ஆட்டுக்குட்டி அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டி விளையாடும்.

அந்த வள்ளத்துக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. நான் பிறப்பதற்கு முந்திய ஒரு சிலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், அப்பா அதற்குத் தண்டல். தண்டல் என்றால் சுக்கான் பிடிப்பவர், வள்ளத்தில் எல்லாருக்கும் மேலே. முத்து என்றதும் உங்களுக்குக் கழுத்து ஞாபகம் வரும். எங்கள் ஆட்களுக்கு மூக்குதான் ஞாபகம் வரும். கரையில் குவித்து அழுகவிட்ட சிப்பியின் நாற்றம் ஊருக்குள் நுழைந்தால் நாய்கூடச் சாப்பிடாதாம். அந்த நாற்றத்தைப் பற்றி அப்பா பேசும்போது அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம் இருக்கும்.

அந்தச் சிலாபத்தில் கிடைத்ததைக் கொண்டுதான் அப்பா தன் தங்கை பிரகாசிக்குக் கல்யாணம் செய்துவைத்தார். கொழும்பிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டு வந்தது. எங்கள் தெரு அதுவரை அப்படி ஒரு நிறத்தைக் கத்தரிச் செடியில்தான் பார்த்திருந்தது. வருஷா வருஷம் திருவிழாவுக்குப் பிரகாசி அத்தை அதைக் கட்டிக்கொண்டு வருவாள். தேர் திரும்புவதற்கு முன்னால் அத்தை திரும்புவது தெரியும்.

"நீங்க சும்மா உக்காருங்க"

அத்தையின் வீட்டுக்காரர் மிக்கேல் மாமா. இந்தத் தொடரில் இதுவரை வந்த கெட்டவர்கள் எல்லாரையும் நான் மன்னித்துவிட்டேன். நல்லவரான மிக்கேல் மாமாவை மன்னிக்கத்தான் நாளாயிற்று.

வள்ளம் கவிழ்ந்த பிறகு அப்பா மாமாவின் வள்ளத்தில் கூலி ஆளாகப் போனார். மாமா அவரை ஆளாக நடத்தியிருந்தால் அப்பா பொறுத்திருப்பார். மாமா மரியாதையாக நடத்தினார். அப்பா வலையில் கைவைத்தால், "மச்சான், நீங்க சும்மா உக்காருங்க." கயிற்றைத் தொட்டால், "மச்சான், உங்களுக்கு எதுக்குச் செரமம்? சும்மா உக்காருங்க." ஒருநாள் நீரோட்டம் மாறியதைப் பார்த்துப் பழக்க தோஷத்தில் அப்பாவின் கை சுக்கான் பக்கம் போயிருக்கிறது. மாமா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, தடவிக்கொடுத்து, அணியத்தில் நங்கூரக் கயிறு சுருட்டிவைத்த இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். அணியம் என்பது வள்ளத்தின் முன்முனை. அங்கே உட்கார்ந்தால் அலை முதலில் நம் முகத்தில்தான் அடிக்கும்.

அப்பா வீட்டுக்கு வந்து குசினி வாசலில் குந்துவார். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பாள்.

"இன்னிக்கும் உக்காந்தீகளா?"

"உக்காந்தேன்."

பாதிச் சோறு தட்டிலேயே கிடக்கும்.

இந்த நிலையில்தான் மாமா மாடி வீடு கட்ட ஆரம்பித்தார். சுவர் எழும்பியது, கதவுக்கு நல்ல மரம் அகப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுப் பின்புறம் வந்தார். குப்புறக் கிடந்த வள்ளத்தை விரலால் தட்டிப் பார்த்தார். இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து நீளவாக்கில் பிடித்துப் பார்த்தார்.

"அயினி மரம்லா மச்சான். உப்புத் தண்ணி குடிச்ச பலகை. இது கெடந்து மக்குறதுக்கு என் வீட்டு வாசக்கதவா நிக்கட்டுமே? நீங்க வாரப்ப எல்லாம் உங்க வள்ளத்தத் தொட்டுத் தொறந்துட்டு வரலாம்லா?"

நிஜமாகவே அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

தங்கையைக் கொடுத்த வீட்டிலிருந்து ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் கடற்கரையில் கிடையாது. அப்பா நெடுநேரம் ஆட்டுக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருவிழாக் கொடியேத்தம் வரைக்கும் பொறுங்க மாப்பிள்ள. அதுக்குள்ள இது தண்ணியில மெதந்துட்டா எனக்கு. மெதக்கலன்னா உங்க கதவுக்கு."

"இதுவா? மெதக்குமா?" என்று மாமா சிரித்தார். பிறகு சிரித்தது தப்பு என்று நினைத்து அப்பாவின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

துணி கேட்டுப் புறப்பட்டோம்

வள்ளத்தைப் பழுது பார்க்கச் சிலுவை ஓடாவி வந்தார். படகுத் தச்சர்களை நாங்கள் ஓடாவி என்போம். அவர் வாயில் எப்போதும் ஆத்தூர் வெற்றிலை இருக்கும். அதனால் அவர் 'உம்' என்றால் ஆமாவா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. துப்பிவிட்டுப் பேசினார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். வள்ளத்தைச் சுற்றி வந்து, மக்கிய பலகைகளை உதைத்துப் பார்த்து, கடைசியில் துப்பினார்.

"பலக மாத்திரலாம், ஆணி அடிச்சிரலாம். கலப்பத்துக்கு எங்கவே போவீரு?"

கலப்பத்து என்பது பலகை இடுக்குகளை அடைப்பது. பருத்தித் திரியைச் சுறா எண்ணெயில் ஊறவைத்து, உளியால் இடுக்கில் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியம் காய்ச்சிப் பூசுவார்கள். கடல் தண்ணீர் பட்டதும் பருத்தி ஊதி, இடுக்கை அடைத்துக்கொள்ளும். மற்றக் காலமாக இருந்தால் கட்டுக்கட்டாக நூல் வாங்கியிருக்கலாம். அப்போது நூலும் கண்ட்ரோல், துணியும் கண்ட்ரோல். வள்ளத்துக்கு ரேஷன் கார்டு கிடையாது.

"பழந்துணியக் கிழிச்சுத் திரியா முறுக்குனா ஆகுமா?" என்று அம்மா கேட்டாள்.

"உம்," என்றார் ஓடாவி. அதை ஆமா என்று எடுத்துக்கொண்டோம்.

ஆசிரியப் பயிற்சி முடித்து, வேலைக்கு உத்தரவு வரும் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அம்மா என் கையில் ஓர் ஓலைக் கடகத்தைக் கொடுத்து வீடுவீடாக அழைத்துப்போனாள். துணிக்குத் தட்டுப்பாடான காலத்தில் துணி கேட்டுப் போவதைப்போலக் கூச்சமான காரியம் வேறில்லை. ஆனால் அப்பா அணியத்தில் உட்காரவைக்கப்பட்ட கதை தெரு முழுக்கத் தெரியும். ஒரு வீடும் எங்களை வெறுங்கையாக அனுப்பவில்லை.

ஒருத்தி, தூங்கிக்கொண்டிருந்த புருஷனின் வேட்டியில் ஒரு முழம் கத்தரித்து, அவர் புரண்டு படுப்பதற்குள் எங்களிடம் தந்தாள். சாமியார், பொத்தான் இல்லாத அங்கி ஒன்றைத் தந்து, வள்ளத்தையும் சேர்த்து மந்திரித்தார். அண்ணாச்சி, கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து இற்றுப்போன வேட்டியைத் தந்தார். நான் கடகத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தபோது, "தாயி, கொஞ்சம் நல்ல இடமாப் பாத்து வைக்கச் சொல்லு," என்றார்.

லூர்தம்மா தன் மாமியாரின் வெள்ளைச் சீலையைக் கொண்டுவந்தாள்.

"உயிரோட இருக்கப்போ நான் வச்ச கொழம்ப ஒருநாளு நல்லா இருக்குன்னு சொல்லல. இனி தண்ணிக்கு அடியில கெடக்கட்டும்," என்றாள். கொடுத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

எல்லாரும் துணியாகத் தந்தார்கள். பிரகாசி அத்தை மட்டும் கிழித்து, முறுக்கி, எண்ணெயில் ஊறப்போட்டுச் சட்டியோடு கொண்டுவந்தாள். கட்டட வேலையைப் பார்க்க மாமா போயிருந்த மத்தியான நேரம். பின்வாசல் வழியாக வந்து குசினியில் சட்டியை இறக்கினாள். திரிகள் கன்னங்கரேலென்று கிடந்தன.

"மதினி, இது அவியளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா கதவு கேட்டவுக மனசு சங்கடப்படும்," என்றாள்.

அம்மா அவளுடைய எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுறாவுக்கு ஒரு நன்றி

சுறா எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அதைத் தொட்டவர்கள் சோப்புப் போடலாம், சீயக்காய் போடலாம், ஒன்றும் ஆகாது. நாங்கள் திரி முறுக்கிய அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பூனை எங்களை விட்டு நகரவே இல்லை.

அந்த வாரம்தான் மில்லர்புரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை துறைமுக ஆபீசில் கிளார்க். நான் காபித் தட்டோடு போய் நின்றதும் அவருடைய அம்மா முந்தானையால் மூக்கை மூடினார். காபியைத் தொடாமலே எழுந்துபோனார்கள். அந்த கிளார்க் பிற்பாடு என்ன ஆனார் என்று எனக்குத் தெரியும். இடம் போதாது என்பதால் எழுதவில்லை. ஆனால் அந்தச் சுறாவுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

வள்ளத்தில் ஓடாவியின் உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் புதுத் தொல்லை ஒன்று தொடங்கியது. துணி கொடுத்த ஒவ்வொருவரும் தம் துணி எங்கே போகிறது என்று பார்க்க வந்தார்கள். எல்லாருக்கும் அணியப் பக்கம்தான் வேண்டும். சாமியாரின் அங்கிக்கு அணியத்தைக் கொடுத்ததும், அதற்கு அடுத்த இடத்துக்கு அடிபிடி. சம்பந்தி வீட்டுத் துணிக்குப் பக்கத்தில் தன் துணி வேண்டாம் என்று ஒருத்தி முறைத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள். அப்பா பந்தியில் இலை போடுகிறவர் மாதிரி எல்லாரையும் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

பின்பக்கம் இடது அடியில் இறைக்கிற அழுக்குத் தண்ணீர் தேங்கும். அந்த இடம் மட்டும் யாருக்கும் வேண்டாம். இடம் கேட்க வராத ஒரே ஆள் அத்தை. அதனால், யாருடையவை என்று தெரியாமலே, அத்தையின் திரிகளை அங்கே வைத்து அடித்தார் ஓடாவி.

வள்ளம் அழுதது

கொடியேற்றத்துக்குச் சில நாட்கள் முன்னால் வள்ளத்தை நிமிர்த்திக் கடலுக்குள் தள்ளினோம். தெருவே கைகொடுத்தது. ஆட்டுக்குட்டி மட்டும் வீடு போன துக்கத்தில் கத்திக்கொண்டே பின்னால் வந்தது.

தண்ணீர் தொட்டதும் எல்லா இடுக்கிலிருந்தும் கசிந்தது. பெண்களெல்லாம் ஐயோ என்றார்கள். ஓடாவி துப்பினார்.

"சும்மா கெடங்கட்டி. கரையில கெடந்த வள்ளம் மொதல்ல அழத்தான் செய்யும். பருத்தி தண்ணி குடிக்கட்டும்."

குடித்தது. நாளுக்கு நாள் ஒவ்வோர் இடுக்காக அழுகையை நிறுத்தியது. வேட்டி அடைத்தது, அங்கி அடைத்தது, லூர்தம்மாவின் மாமியாரும் அடைத்தாள். கொடியேற்ற நாள் காலையில் பார்த்தால் ஒரே ஓர் இடம் அடைக்கவில்லை. முந்திய நாள் கசிந்தது அன்றைக்குக் கொப்பளித்தது. பின்பக்கம், இடது அடி.

நான் முதலில் சொன்ன காட்சி அப்போது நடந்ததுதான். தெருவே யார் வீட்டுத் துணி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் அது யாருடைய திரி என்று தெரியும். சொல்ல முடியாது. அத்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், என்றுமில்லாத ஆர்வத்தோடு தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள். அத்தை கரையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து மிக்கேல் மாமா வந்தார். கொடியேற்றத்துக்குப் போகப் புது மில் வேட்டி கட்டியிருந்தார். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மடிப்பு. அந்த வருஷம் எங்கள் தெருவில் புது வேட்டி அது ஒன்றுதான். கூடவே அவருடைய மாடி வீட்டு வேலை பார்க்கும் தச்சன், கையில் அளவுகோலோடு.

மாமா குனிந்து ஓட்டையைப் பார்த்தார். உண்மையான வருத்தத்தோடு உச்சுக்கொட்டினார்.

"பரவால்ல மச்சான். நீங்களும் முடிஞ்ச மட்டும் பாத்துட்டீக. மேல ஏறி வாங்க. சும்மா உக்காருங்க."

அப்பாவின் கையிலிருந்த பட்டை நின்றது. அவர் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு மாமாவைக் கடித்துவிடலாம் போல இருந்தது.

ஓடாவி மட்டும் யாரையும் கேட்கவில்லை. வள்ளத்தை மணலுக்கு இழுக்கச் சொன்னார். சாய்க்கச் சொன்னார். கொக்கியை இடுக்கில் விட்டுத் திரியை வெளியே இழுத்தார்.

கத்தரிப்பூ

அது அடையாகப் பிடித்து வருவதற்குப் பதில் வழுக்கிக்கொண்டு வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கறுப்பாகத்தான் இருந்தது. ஓடாவி அதை அலையில் அலசி, கட்டைவிரலால் வழித்தார். எண்ணெய்க்கு அடியிலிருந்து ஒரு பளபளப்பு வந்தது. இன்னொரு முறை வழித்தார். சரிகை மின்னியது.

"பட்டு!" என்று துப்பினார். "எவட்டி பட்டக் குடுத்தது? பருத்தின்னா தண்ணி குடிச்சு ஊதி அடச்சிக்கிடும். பட்டு ஊதவா செய்யும்? வழுக்கிக்கிட்டுல்லா நிக்கும்! எல்லாம் கறுப்பாக் கெடந்தா நான் எப்பிடிவே கண்டுபிடிக்க?"

லூர்தம்மா மணலிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"எங்க மாமியா ஆயுசுக்கும் பட்டு கட்டுனதில்ல! அவ வெள்ளச் சீல! அவ ஒழுகல!" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். பிறகு வானத்தைப் பார்த்து, "மன்னிச்சிக்கிடுங்க அத்த," என்றாள். மாமியாரை அவள் 'ங்க' போட்டுச் சொன்னதை அன்றுதான் நாங்கள் கேட்டோம்.

அதற்குள் மூன்றாவது முறை அலசியாகிவிட்டது. கத்தரிப்பூ நிறம் பளிச்சென்று தெரிந்தது. அந்த நிறத்தைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

மாமா மெதுவாகத் திரும்பினார்.

"பிரகாசி, இது பெட்டியில இருக்குன்னுல்லா சொன்ன? இன்னிக்குக் கட்டலியான்னு கேட்டதுக்கு, அடுத்த வருசம் கட்டுதேன்னுல்லா சொன்ன?"

அத்தை முக்காட்டை எடுத்தாள்.

"நல்லதாக் குடுக்கணும்னு நெனச்சேன். எங்க அண்ணன் வள்ளத்துக்குப் போய்க் கந்தத் துணியவா குடுக்க? பட்டுன்னா இன்னும் கெட்டியா நிக்கும்னு நெனச்சேன். எனக்கு எங்க தெரியும்?"

அப்பா அந்தத் திரியைக் கையில் வாங்கினார். அதைப் பிரித்து, நீவி, சரிகையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏ பிரகாசி... இத வாங்கித் தந்ததே இந்த வள்ளம்தானளா," என்றார். சிரிக்க ஆரம்பித்தார். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

அத்தை மாமாவைப் பார்த்துச் சொன்னாள். "கதவுக்குப் பனமரம் வாங்கிக்கிடலாம். எங்க அண்ணன் வள்ளத்தத் தெறந்து நான் வீட்டுக்குள்ள போ மாட்டேன்."

மாமா வாயைத் திறந்தார். அன்பாகச் சொல்ல அவரிடம் எப்போதும் ஒன்று இருக்கும். அன்றைக்கு இல்லை.

பருத்தி எங்கே?

"அழுதது போதும்," என்றார் ஓடாவி. "பருத்தி இருந்தா இப்பவே அடச்சிருவேன். இருக்கா?"

இல்லை. தெருவில் கிழிக்க ஒரு துணி பாக்கியில்லை. பெண்கள் தங்கள் முந்தானையைப் பார்த்தார்கள். ஆண்கள் இடுப்பைப் பார்த்தார்கள். எல்லாம் ஒட்டுப்போட்டது, இற்றது. உளியடி தாங்காது.

முதலில் யார் பார்த்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அத்தனை கண்ணும் மாமாவின் வேட்டிமேல் வந்து நின்றன. அந்த வெயிலில் அது கண்ணைக் கூசவைத்தது.

"மில் வேட்டி," என்றார் அண்ணாச்சி, தன் கடைச் சரக்கைப் பற்றிச் சொல்வதுபோல. "கெட்டி நூலு. அருமையா ஊதும்."

"ஏ, கொடியேத்தம்லா..." என்றார் மாமா.

அத்தை அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். மாமா நல்ல மனுஷன் என்று ஊரெல்லாம் பெயர். அந்தப் பெயர் அப்போது அவர் கழுத்தைப் பிடித்தது.

"எடுத்துக்கிடுங்க மச்சான்," என்று வள்ளத்துக்குப் பின்னால் போனார். அண்ணாச்சி தோளிலிருந்த துண்டை நீட்டினார். அண்ணாச்சி ஒல்லி, அவருடைய துண்டும் அப்படியே. மாமாவின் சுற்றளவுக்கு அது முக்கால்வாசிதான் வந்தது. மீதிக்கு ஒரே வழி கடல்தான். மாமா இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றுகொண்டு, அங்கே தமக்கு ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோலக் கையை அளைந்துகொண்டிருந்தார்.

அந்த வேட்டி மாதிரி ஒரு வேட்டியை நான் கிழித்ததில்லை. கிழிபடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தண்ணீரில் நின்ற மாமாவின் தோள் குலுங்கியது. அம்மா முறுக்க, நான் எண்ணெயில் முக்க, ஓடாவி அடிக்க, கொடியேற்றத்துக்கு முதல் மணி அடிக்கும்போது குங்கிலியம் பூசியாகிவிட்டது. வள்ளத்தைத் தள்ளினோம். கொஞ்ச நேரம் கசிந்தது. பிறகு கசிவு சொட்டாகியது. சொட்டும் நின்றது.

ஓடாவி உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார். "உம்," என்றார். இந்த முறை யாருக்கும் சந்தேகம் இல்லை.

பிற்காலத்தில் மாமா இதை ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பார். "சந்தியாகப்பர் மெதக்குறது என் வேட்டியிலதாம்வே," என்பார். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார். அவருடைய மாடி வீட்டுக்குப் பனங்கதவு போட்டார்கள். மழைக்காலத்தில் அது திறக்காது. அத்தை பின்வாசல் வழியாகப் போய்வருவாள், ஒரு குறையும் சொன்னதில்லை.

அன்றைக்கு மாமாவுக்கு முன்னால் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. கொடியேற்றத்துக்கு ஊரே தெருவில் திரண்டு நின்றது. அந்தத் துண்டோடு அவ்வளவு கூட்டத்தையும் தாண்டி வீட்டுக்குப் போக முடியாது. வீட்டிலிருந்து வேறு வேட்டி கொண்டுவர அத்தை நகரவில்லை. தண்ணீரிலேயே நிற்கவும் முடியாது, குளிர ஆரம்பித்துவிட்டது. இருட்டும்வரை ஒளிந்திருக்க ஓர் இடம் வேண்டும். இருந்த இடம் ஒன்றுதான்.

அப்பா சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாயை ஏற்றியாகிவிட்டது. நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தேன். மாமா ஒரு கையால் துண்டைப் பிடித்தபடி, மறு கையால் தொற்றி உள்ளே ஏறினார். ஏறியதும் பழக்கத்தில் ஒரு கயிற்றைப் பிடிக்கப் போனார். பிடித்தால் துண்டு போய்விடும்.

"மாப்பிள்ள," என்றார் அப்பா. அவ்வளவு மரியாதையாக அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. "உங்களுக்கு எதுக்குச் செரமம்? நீங்க சும்மா உக்காருங்க."

மாமா அணியத்தில், நங்கூரக் கயிற்றின்மேல் போய் உட்கார்ந்தார். முதல் அலை அவர் முகத்தில் அடித்தது.